கோமந்தோங் குகையும் எச்சில் கூடுகளும்: ஒரு குத்தகைக் கணக்கு

சீனர்கள் பறவைக்கூட்டில் சூப் வைத்துக் குடிப்பார்கள் என்று சொன்னால், நம்மூரில் பெரும்பாலானவர்களுக்கு மனதில் வருவது காக்கைக்கூடோ தூக்கணாங்குருவிக்கூடோதான். "குச்சியையா வேக வைப்பாங்க?" என்று என் அம்மாவே கேட்டார். குச்சி இல்லை. வைக்கோல் இல்லை. அந்தக் கூடு முழுக்க முழுக்க எச்சில்.

கோலாலம்பூருக்கு அலுவலக வேலையாகப் போயிருந்தபோது நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. மலாக்கா, பினாங்கு எல்லாம் ஏற்கெனவே பார்த்தாச்சு. அதனால் போர்னியோ தீவின் வடகிழக்கு மூலையில், மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் சண்டகான் நகருக்கு விமானம் ஏறினேன். அங்கிருந்து சுக்காவ் போகும் சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மரம், ஒரே உயரம். திடீரென்று அது முடிந்து காடு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குன்று. அதற்குள்தான் கோமந்தோங் குகைகள்.

முதலில் பறவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் வரும் கணக்கு புரியாது.

தமிழில் உழவாரன் என்போம். பனைமரங்களைச் சுற்றி அரிவாள் மாதிரி சிறகை வளைத்துக்கொண்டு பறக்குமே, அந்தக் குடும்பம்தான். நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் குகைகளிலும் இந்திய உழவாரன் என்று ஒன்று உண்டு. அதன் கூட்டில் பாசியும் இறகும் கலந்திருக்கும். கோமந்தோங்கில் காசு தரும் இனங்கள் இரண்டு. ஒன்று ஏரோட்ராமஸ் ஃபூசிஃபேகஸ், வெள்ளைக்கூடு கட்டுவது. மற்றது ஏரோட்ராமஸ் மாக்சிமஸ், தன் இறகுகளையும் எச்சிலில் சேர்த்துக் கருப்புக்கூடு கட்டுவது. இவை போக, பாசிக்கூடு கட்டும் இனமும் அங்கே உண்டு, அதை யாரும் சீண்டுவதில்லை. வெள்ளைக்கூட்டை ஊறவைத்துக் கழுவினால் அப்படியே சமைக்கலாம். கருப்புக்கூட்டில் இருந்து ஒவ்வொரு இறகாக இடுக்கி வைத்துப் பிடுங்க வேண்டும். விலை வித்தியாசத்துக்கு அதுதான் காரணம்.

இனப்பெருக்கக் காலம் வந்ததும் இந்தப் பறவைகளின் நாக்குக்கு அடியில் உள்ள எச்சில் சுரப்பிகள் பெரிதாகின்றன. பாறையில் ஒட்டிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, நூல் நூலாக எச்சிலைப் பூசும். காற்றுப் பட்டதும் அது இறுகிவிடும். இப்படிப் பூசிப் பூசி, பாதி வெட்டிய கிண்ணம் போல ஒரு கூடு உருவாக 30 முதல் 40 நாள் ஆகிறது. பறவையின் எடை 15 கிராம் அளவு. கூட்டின் எடை சுமார் 8 கிராம். அதாவது தன் உடம்பில் பாதி எடைக்குக் காய்ந்த எச்சில்! நான் 76 கிலோ. ஒன்றரை மாதத்தில் 38 கிலோ எச்சிலைச் சுரந்து வீடு கட்டு என்று என்னிடம் சொன்னால் வாடகை வீடே போதும் என்று சொல்லிவிடுவேன். ஒரு கிலோ வெள்ளைக்கூடு வேண்டுமென்றால் 120 கூடுகளுக்கு மேல் பிரித்தெடுக்க வேண்டும்.

கோமந்தோங்கில் குகைத்தொகுதி இரண்டு. சிமூட் ஹித்தாம், சிமூட் பூத்தே. மலாய் மொழியில் ஹித்தாம் என்றால் கருப்பு, பூத்தே என்றால் வெள்ளை. குகையின் நிறத்தை வைத்து வந்த பெயர் இல்லை, உள்ளே கிடைக்கும் கூட்டின் நிறத்தை வைத்து வந்தது. கருப்புக் குகைக்குள் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் குகை குன்றின் மேலே. ஏறுவதற்குச் செங்குத்தான வழி. நான் கருப்புக் குகையோடு நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தாக்குவது நாற்றம். அம்மோனியா. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்த மாதிரி. தரையில் மலை மாதிரி எச்சம் குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலின் மேற்பரப்பு நகர்கிறது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் கரப்பான்பூச்சி. நடைபாதைக் கைப்பிடியிலும் கரப்பான்பூச்சி. சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு, கால்கள் மட்டுமே உடம்பான மாதிரி ஒரு பூரான். வழிகாட்டியாக வந்த இளைஞர் கைப்பிடியைத் தொடாமல் நடக்கச் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம்.

மேலே பார்த்தால் கூரை 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முப்பது மாடிக் கட்டடத்தை உள்ளே நிறுத்தி வைக்கலாம். மேலே ஓரிரு துளைகள் வழியாகச் சூரிய ஒளி தூணாக இறங்குகிறது. அந்த ஒளியில் பறவைகள் குறுக்கும் நெடுக்கும் போவது தெரியும். இருட்டுப் பகுதியில் அவை இருப்பது காதுக்குத்தான் தெரியும். சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் ஒரு "கிர்ர்ர்" வருமல்லவா, அந்தச் சத்தம். வெளவால்போல இவையும் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கின்றன. ஆனால் வெளவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது. உழவாரனின் ஒலி சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில்தான் இருப்பதால் நமக்குக் கேட்கும். அலைநீளம் கூடினால் சின்னப் பொருள்களைப் பிரித்தறிய முடியாது. அதனால் பறக்கும் கொசுவைப் பிடிக்க இந்த எதிரொலி உதவாது. பாறையில் மோதாமல் தன் கூட்டுக்குப் போய்ச் சேர உதவும். இரைக்குக் கண், வீட்டுக்குக் காது. அவ்வளவு இருட்டில் கூடு கட்டுவதால் பாம்பு, பருந்து போன்ற எதிரிகளின் தொல்லை குறைவு. மனிதனைத் தவிர.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்தக் குகையைத் தண்ணீர் மட்டும் குடையவில்லை. ஜாய்ஸ் லண்ட்பெர்க், டொனால்ட் மெக்ஃபார்லேன் என்ற இரு புவியியல் ஆய்வாளர்கள் 2012-இல் கோமந்தோங் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூரையில் ஒட்டியிருக்கும் வெளவால்களும் பறவைகளும் மூச்சு விடுகின்றன. மூச்சில் கரியமில வாயு, ஈரம், சூடு. ஈரம் பாறையில் படிந்து, கரியமில வாயு அதில் கரைந்து, மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. ஒரு சதுர மீட்டருக்குப் பத்து உயிர்கள் இருந்தால் ஆயிரம் ஆண்டுக்கு 34 மில்லிமீட்டர் பாறை போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. பத்து லட்சம் ஆண்டுக்கு அது 34 மீட்டர்! தன் மூச்சாலேயே வீட்டைப் பெரிதாக்கிக்கொள்ளும் குடியிருப்பு. இதைப் படித்த பிறகு கூரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது எனக்கு.

சரி, கூட்டுக்கு வருவோம்.

நான் போனது ஜூலைக் கடைசி. கூரைத்துளைகளில் இருந்து பிரம்பு நூலேணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே நாலைந்து பேர் பக்கவாட்டுக் கயிறுகளை இழுத்து ஏணியை நிலைநிறுத்திப் பிடிக்க, ஒருவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். தலையில் விளக்கு, இடுப்பில் பை. பத்து நிமிடத்தில் அவர் ஒரு வெளிச்சப் புள்ளியாகிவிட்டார். மேலே போனதும் மூங்கில் கழியால் கூடுகளை நெம்பி எடுப்பார்களாம். பிரம்பு, மூங்கில், கயிறு. எஃகு ஏணி ஏன் இல்லை என்று கேட்டேன். கனம், அதோடு இந்த ஈரத்திலும் அம்மோனியாவிலும் துருப்பிடித்தால் வெளியே தெரியாமல் அறுந்துவிடும், பிரம்பு அறுவதற்கு முன்னால் சொல்லிவிடும் என்றார் வழிகாட்டி. அவர் கினாபத்தாங்கான் ஆற்றங்கரையின் ஓராங் சுங்கை மக்களில் ஒருவர். அந்தப் பெயருக்கு அர்த்தமே ஆற்று மனிதர்கள் என்பதுதான். அவர் தாத்தா ஏறியிருக்கிறார், பெரியப்பா ஏறியிருக்கிறார். "நீங்கள்?" என்றேன். "எனக்கு அம்மா இருக்கிறார்" என்று சிரித்தார்.

குகை வாசலில் மரக்குடிசைகள் இருக்கின்றன. காவலர்கள் ஆண்டு முழுவதும், ராத்திரியும் அங்கேயே தங்குகிறார்கள். நாற்றத்துக்குப் பழகிவிடுமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

எதற்கு ஆண்டு முழுவதும் காவல்? அறுவடை நடப்பதோ ஆண்டுக்கு இரண்டே முறை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சபா வனவிலங்குத் துறையின் உரிமமும் கண்காணிப்பும் இல்லாமல் இங்கே ஒரு கூட்டையும் எடுக்கக்கூடாது. முதல் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள். பறவைகள் கூடு கட்டி முடித்து, முட்டையிடுவதற்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். பறவைக்கு நஷ்டம் ஒன்றரை மாத உழைப்பு. அது மறுபடியும் கட்டும். இந்த இரண்டாவது கூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. அதில் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறந்து போன பிறகு, ஜூலை முதல் செப்டம்பருக்குள் அந்தக் காலிக் கூட்டை எடுப்பார்கள். கூடு கட்ட ஒரு மாதத்துக்கு மேல், அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல், குஞ்சு பறக்க இன்னும் ஒன்றரை மாதம். ஏறக்குறைய நான்கு மாதம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருத்தலுக்குத்தான் காவல்.

இதைக் கொஞ்சம் எண்ணில் பார்ப்போம். வாதத்துக்காக 500 ஜோடிகள் இருக்கும் ஒரு குகை. ஆண்டுதோறும் நூற்றுக்குப் பதினைந்து பறவை எப்படியும் சாகும், குஞ்சுகள் அந்த இடத்தை நிரப்பும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனைதான், போக்கு முக்கியம்.

விதிப்படி நடக்கும் நல்லவர் ஆண்டுக்கு ஜோடிக்கு இரண்டு கூடு எடுப்பார். ஆண்டுக்கு 1000 கூடு. பறவை எண்ணிக்கை மாறாது. அடுத்த ஆண்டும் 1000.

அவசரக்காரர் கட்டக் கட்ட எடுக்கிறார். பறவை விடாமல் கட்டுகிறது, ஆண்டுக்கு நான்கு கூடு. குஞ்சு மட்டும் ஒன்றுகூட இல்லை. முதல் ஆண்டு அவருக்கு 2000 கூடு. இரண்டாம் ஆண்டு 1700. பிறகு 1445, 1228, 1044. ஐந்து ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டும் நல்லவரைவிட இவருக்குத்தான் வருமானம் அதிகம்! ஆறாம் ஆண்டுதான் 887 என்று கீழே இறங்குகிறார். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நல்லவர் இவரை முந்துவது பன்னிரண்டாம் ஆண்டில். அப்போது அவசரக்காரர் குகையில் எஞ்சியிருப்பது 70 சொச்சம் ஜோடி.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் குகை உங்களுக்கு மூன்று ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தால் நீங்கள் யார்? நம்மூரில் மாந்தோப்புக் குத்தகை, ஏரி மீன் குத்தகை பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். கடைசி வருடம் குத்தகைக்காரர் மரத்துக்கு உரம் வைப்பதில்லை.

இதில் இன்னொரு விஷமும் உண்டு. அவசரக்காரரின் பேரேட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு முதல் ஆண்டு விளைச்சல் இரட்டிப்பானதாகத்தான் தெரியும். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எதை அளக்கிறோமோ அது ஏறிக்கொண்டே இருக்கும், எதை அளக்கவில்லையோ அது அடியில் சரிந்துகொண்டிருக்கும். கூட்டை எண்ணினால் போதாது, பறக்கிற குஞ்சை எண்ண வேண்டும். 90 மீட்டர் உயர இருட்டில் குஞ்சை எண்ணுவது எளிதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, குத்தகைதான் பிரச்சினை, சொந்தமாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? இதே தீவின் மறுபக்கம், சரவாக் மாநிலத்தில் நியா குகை இருக்கிறது. நாற்பதாயிரம் ஆண்டுப் பழைய மனித மண்டையோடு 1958-இல் கிடைத்த இடம். 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கூரையின் ஒவ்வொரு பகுதியும் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். நம்மூர்ப் பட்டா மாதிரி. பொதுச் சொத்து என்பதால் பாழானது என்று அங்கே சொல்ல முடியாது. இருந்தும் 1930-களில் 17 லட்சம் என்று மதிப்பிடப்பட்ட கருப்புக்கூட்டுப் பறவைகள், 2000-களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போயின. கூட்டின் விலை ஏறியதும் திருட்டும் ஏறியது. இன்று ராத்திரி திருடன் எடுப்பான் என்று தெரிந்தால் உரிமையாளரே இன்று பகலில் எடுத்துவிடுவார், முட்டை இருந்தாலும். பட்டா இருந்து வேலி இல்லாத நிலம். ஆக உரிமை யாருடையது என்பதைவிட, அந்த நான்கு மாதம் கூடு அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை யாருக்காவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோமந்தோங் குடிசையில் நாற்றத்தில் படுத்திருக்கும் அந்த ஆட்கள் காவல் காப்பது கூட்டை என்று தோன்றும். உண்மையில் அவர்கள் காப்பது அந்த நம்பிக்கையை.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் இருக்கிறது. அந்தமான் தீவுகளின் சுண்ணாம்புக் குகைகளில் வெள்ளைக்கூட்டுப் பறவை உண்டு. 1990-களில் கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் அங்கே குகை குகையாகப் போய்க் கணக்கெடுத்தார். முட்டை, குஞ்சு எதையும் பாராமல் கூடு எடுத்ததில் பறவைகள் வேகமாக அழிந்துகொண்டிருப்பது தெரிந்தது. அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கூடு எடுத்தவர்களையே குகைக்குக் காவலாக வைக்கும்படி செய்தார். எந்தப் பாறையில் எந்தக் கூடு என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பறவையைக் காப்பாற்ற ஒரே வழி, குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுத்து விற்க அந்த மக்களுக்குச் சட்டப்படி வழி செய்வது என்று வாதாடியவரும் அவர்தான். மையத்தின் இயக்குநராக இருந்தபோதே 2009-இல் காலமானார். இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கலாம்.

இப்போது சந்தைக்கு வரும் கூட்டில் பெரும்பகுதி குகையில் இருந்து வருவதில்லை. ஜன்னல் இல்லாத கான்கிரீட் கட்டடம் கட்டி, பறவைச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, உழவாரன்களை வரவழைத்துவிடுகிறார்கள். ஜாவாவில் தொடங்கிய பழக்கம். 1997-98 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மலேசியாவில் காலியான கடைவீடுகளிலும் பரவியது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடங்களின் மாடியில் இருந்து நாள் முழுக்கக் கீச்கீச் கேட்டு அக்கம்பக்கத்தார் சண்டைக்குப் போன கதைகள் உண்டு. ஆனால் குகைக்கூடுதான் உசத்தி என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதிலும் சிவப்புக்கூடு. பறவை எச்சில் தீர்ந்து ரத்தம் கக்கிக் கட்டியது என்று ஒரு கதை. அதற்கு விலை கூடுதல். ரத்தமெல்லாம் இல்லை. கீழே குவிந்த எச்சத்தில் இருந்து எழும் நைட்ரஜன் சேர்ந்த ஆவி, கூட்டிலுள்ள புரதத்தோடு வினைபுரிந்து சிவப்பாக்குகிறது என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2011-இல், சிவப்புக்கூடுகளில் நைட்ரைட் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு சீனா மலேசியக் கூடுகளின் இறக்குமதியை நிறுத்திவிட்டது. கழிவறை ஆவியில் பழுத்த பண்டத்தைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு கிண்ணம் குடித்துப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். சண்டகானில் குடித்தேன். கற்கண்டுத் தண்ணீரில் ஊறிய சேமியா. வேறு ருசி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏணி ஏறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அறுவடை மாதங்களில் போங்கள், தேதியைச் சண்டகானில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தொப்பி கட்டாயம், மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். வழுக்காத, பிறகு தூக்கி எறிந்தாலும் பரவாயில்லாத காலணி. மதியத்தோடு திரும்பிவிடாமல் மாலை வரை இருங்கள். ஆறு மணி வாக்கில் வெளவால்கள் லட்சக்கணக்கில் சுருள் சுருளாகப் புகைபோல வெளியே கிளம்பும், அதே நேரம் உழவாரன்கள் உள்ளே திரும்பும். வெளவால் பருந்து என்று ஒரு பறவை அதற்காகவே மரத்தில் காத்திருக்கும். நான் பார்த்த அன்று அது நான்கு முறை பாய்ந்தது, மூன்று முறை கிடைத்தது.